பிடிவாதம் பிடித்த சுக்கான் கம்பி

தாயம்மா கொல்லைப்பக்கம் வந்தபோது, வேப்பமரக் கிளையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கரும்பாம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் செங்கல்வராயன் ஏணியில் ஏறி நின்று, அதன் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவள் போட்ட கூச்சலில் பூந்தமல்லியில் பாதி ஊர் கூடிவிட்டது. மீதிப் பாதி வரும் வழியில் இருந்தது.

"கத்தாதேம்மே! பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. துரை படகோட சுக்கான் கம்பி!"

கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிப் பார்க்க வெள்ளைக்கார இன்ஜினியர் துரைக்கு ஒரு மோட்டார் படகு உண்டு. அதை ஓட்டுபவன் செங்கல்வராயன். முன்னால் சக்கரத்தைத் திருப்பினால், ஒரு நீள உறைக்குள் ஓடும் கம்பி பின்னால் உள்ள சுக்கானை இழுக்கும், படகு திரும்பும்.

அந்தக் கம்பிதான் ஒரு மாதமாக இறுகிக்கொண்டே வந்து, நேற்று ஒரேயடியாக மறுத்துவிட்டது. படகு வளைவில் வளையாமல் நேரே போய் நாணல் புதருக்குள் புகுந்தது. தண்ணீரில் விழுந்த துரையின் தொப்பியில் இந்நேரம் ஒரு நாரை குடித்தனமே தொடங்கியிருக்கும்.

"என் வேலையை நான் ஒழுங்கா செய்யறேன். உன் வேலையை நீ ஒழுங்கா செய்!" என்று முழங்கால் சேற்றில் நின்றபடி துரை உறுமினார். திங்கட்கிழமை சக்கரம் திரும்பவில்லையென்றால் செங்கல்வராயன் வேலைக்கு வரவே வேண்டாம்.

"எல்லாம் அந்த முனியன் பண்ற வேலை," என்றான் செங்கல்வராயன் ஏணியிலிருந்தே. முனியன் படகில் தேங்கும் தண்ணீரை இறைப்பவன். "என் எடத்துல குந்தணும்னு இன்னாவோ செஞ்சிகீறான்."

"நீ மட்டும் லேசுப்பட்டவனா? போன மாசம் ஆயுத பூஜைக்கு சக்கரத்துக்கு ஒரு கரண்டி பிரசாதம் படைச்சிட்டு, 'படகுக்கும் பசி கீது துரை, வயிறு ரொம்பினாத்தான் பேச்சு கேக்கும்'னு அளந்தியே. இப்ப உன் பேச்சே எடுபடலியே!"

"துரை வாயைப் பொளந்துகினு கேட்டாரா இல்லியா? அத்தச் சொல்லு."

வீட்டு விளக்கெண்ணெய் தீர்ந்தது. பக்கத்து வீட்டு நல்லெண்ணெய் தீர்ந்தது. எதிர்வீட்டு மண்ணெண்ணெயும் உள்ளே போனது. உறையோடு கீழே இறக்கி, கம்பியின் முனையை இவனும் உறையை அவளுமாகப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவருக்கும் கை ஒரு முழம் நீண்டதே தவிர, கம்பி நூலளவும் நகரவில்லை.

செங்கல்வராயன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு. இனிமே ஏரில மீன்தான் புடிக்கணும்."

தாயம்மா கம்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா இது? ஆவடிலேர்ந்து கெளம்பி வந்தாப்ல எறும்பு வரிசை கட்டி ஏறுது. வெளக்கெண்ணெய்க்கு எங்கியாவது எறும்பு வருமா?"

உறையின் வாயில், எண்ணெய்க்கும் அசையாமல் கருப்பாக ஏதோ இறுகிக் கிடந்தது. செங்கல்வராயன் அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தான். அவன் கண்கள் விரிந்தன.

"இனிக்குதும்மே! வெல்லம்! அடப்பாவி முனியா, வெல்லத்தக் கரைச்சி ஊத்திகீறான்!"

"வெல்லம்னா எண்ணெய் எதுக்குய்யா? ஊர் எண்ணெய எல்லாம் பாழாக்கினியே!" குளிக்க வைத்திருந்த அண்டா வெந்நீரை அவள் அப்படியே தூக்கி வந்தாள்.

கொதிக்கக் கொதிக்க ஊற்றியதும் உறையின் மறுமுனையிலிருந்து பழுப்பாக ஒரு பாகு ஒழுகியது. அடுத்த இழுப்பில் கம்பி சர்ரென்று வந்து, செங்கல்வராயனைத் துளசி மாடம் வரை மல்லாக்கத் தள்ளியது. விழுந்த இடத்திலேயே கிடந்து அவன் சிரித்தான்.

கம்பியைத் துடைத்து, கொழுப்புத் தடவி, அன்று சாயங்காலமே படகில் பூட்டிவிட்டான். சக்கரம் சுண்டுவிரலுக்குத் திரும்பியது. ஆனால் அதோடு விட அவனுக்கு மனசில்லை. முனியன் மறுபடி வராமலா போவான்? கையும் களவுமாகப் பிடித்து, துரையின் காலடியில் கொண்டு போய்ப் போட வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும், கையில் துடுப்போடு நாணல் மறைவில் குந்தினான். கொசுக்கள் அவனைத் தூக்கிக்கொண்டு திருவேற்காடு வரை போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தன. அவன் அசையவில்லை.

பனிமூட்டத்தில் ஒரு உருவம் கரையில் வந்து நின்றது. செருப்போ என்னவோ, காலில் இருந்ததைக் கழற்றியது. பூனை மாதிரி படகில் ஏறி, சக்கரத்தின் பக்கம் குனிந்தது. கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"மாட்டிகினியா முனியா!" துடுப்பை ஓங்கியபடி ஒரே தாவாகத் தாவினான் செங்கல்வராயன்.

உருவம் நிமிர்ந்தது. ஓங்கிய துடுப்பு ஓங்கியபடியே நின்றுவிட்டது.

வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார் துரை. கரையில் அவருடைய பூட்ஸ் ஜோடியாக இருந்தது. ஒரு கையில் பீங்கான் கிண்ணம் நிறைய பஞ்சாமிர்தம். மறு கையில் வெள்ளிக் கரண்டி.

அவர் கரண்டியை உதட்டில் வைத்து, பயபக்தியோடு கிசுகிசுத்தார்:

"ஷ்ஷ்... சத்தம் போடாதே. படகு சாப்பிடறார்!"