தொலைபேசி நிபுணர்

இண்டியானாபொலிஸ் ஏலக்கூடத்தில் சுத்தியல் விழுந்தது. இரண்டாயிரம் டாலருக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்திருந்த அட்டை, சிறுவர்கள் ஒருகாலத்தில் ஆசையாய்ச் சேர்த்துவைத்த வகை, ஒரு பழைய கூடைப்பந்து வீரரின் படம் போட்டது, இருபத்தோராயிரத்துக்கு லோவெலின் கைக்கு வந்தது. படகு வாங்க வைத்திருந்த பணம் அத்தனையும் போயிற்று.

நிருபர் டார்லீன் ஓடி வந்தாள். "ஒரு துண்டு அட்டைக்கு இவ்வளவா சார்?"

லோவெல் டையைச் சரிசெய்துகொண்டார். "அம்மாக்கள் எல்லாம் வீட்டைச் சுத்தம் பண்றேன்னு இதைக் குப்பைல கொட்டிட்டாங்கம்மா. எங்கம்மாவும்தான். இன்னிக்கும் சொல்லிக் காட்டாம விடமாட்டேன். மிச்சம் இருக்கறதே கொஞ்சம், அதான் இந்த விலை."

"ஆனா கடைசி வரைக்கும் போட்டி போட்டது ஒரே ஒருத்தர்தானே? பேர் சொல்லாம, போன்லயே!"

"அவர் லேசுப்பட்ட ஆள் இல்ல. பெரிய நிபுணர். அவரே இருபதாயிரம் வரைக்கும் வந்தார்னா சும்மாவா? அதுதான் இதோட உண்மையான மதிப்பு. எழுதிக்கோங்க."

அவருடைய செல்போன் அடித்தது. அம்மா.

"லோவெல், நான் குப்பைல போட்ட அந்த அட்டையை உன் பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்து, உன் வாயை அடைச்சிடலாம்னு பார்த்தேன்டா. அப்பாவோட காரை வித்த இருபதாயிரம் வரைக்கும் போன்ல கேட்டுட்டேன். எவனோ ஒரு கிறுக்கன் விடாம ஏத்திட்டே போறான்! அவனைப் பெத்தவ எப்படித்தான் வளர்த்தாளோ!"

லோவெல் செல்போனை மெல்லப் பைக்குள் வைத்தார்.

"போன்ல யாரு சார்?" என்றாள் டார்லீன்.

"அந்த நிபுணர்தான்," என்றார் லோவெல்.