முதல் வரி

கணவர் இறந்துபோன பிறகு, கடை மூடியாயிற்று என்று வலைத்தளத்தில் எழுதுவது ஒன்றுதான் பாக்கி. அவளுடைய புது லேப்டாப்பைச் சர்வரோடு இணைக்கக் கொழுந்தன் போனில் வழி சொன்னான். கடவுச்சொல்லை அடித்ததும் ஃபோல்டர் திறந்தது.

"இனிமே நீங்க சேவ் பண்ணா நேரா சைட்டுக்கே போயிடும் அண்ணி."

அவளுக்குத் தெரியாததா! கடிகாரக் கடையின் அந்தத் தளத்தை ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து கட்டி மேய்த்தவர்கள் அவளும் கணவரும்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் தெரியாமல் அழித்து, வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஃபைலைத் திறப்பவர் முதல் வரியில் 'உள்ளே இருக்கிறேன்' என்று எழுத வேண்டும். முடித்ததும் அழிக்க வேண்டும். அந்த வரி இருக்கும்வரை மற்றவர் கை வைக்கக் கூடாது.

இனி யாருக்காக என்று அவள் அதை எழுதவில்லை. 'கடை மூடப்பட்டது' என்று மட்டும் எழுதி சேவ் செய்தாள். சரிபார்க்க மறுபடி திறந்தபோது அந்த வாக்கியத்தைக் காணவில்லை. முதல் வரியில் 'உள்ளே இருக்கிறேன்' என்றிருந்தது.

"தம்பி, நீங்க ஏதாவது எழுதினீங்களா?"

"நான் பஸ்ல இருக்கேன் அண்ணி. ஏன், முடிஞ்சுதா?"

கணவரின் கணினி அலமாரியில், ஒயர் சுற்றியபடி கிடந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் ஆகும்."

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எப்போதுமே மெதுவாகத்தான் எழுதுவார்.