பத்தாயிரம் குறைந்தால்

“இன்னாம்மா, இன்னும் ஒரு பத்தாயிரம் கொறைக்க மாட்டீங்களா?” என்றார் துளசிராமன். அவர் மனைவி குணசுந்தரி, ஏழு பேர் உட்காரும் அந்த வெள்ளை வண்டியின் கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

திருவள்ளூர் ஷோரூமில் ஷைனி வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. “சீட் கவர், மேட் எல்லாம் ஃப்ரீயா தர்றோமே சார்?”

“அதெல்லாம் வேணாம்மா. பத்தாயிரம் கொறைஞ்சாதான் வருவேன்னு எம்புள்ள சொல்லிட்டான். கொறைச்சா அவனே வந்து வண்டிய எடுத்துக்குவான்.”

மேனேஜர் அன்புராஜ் சாப்பிடப் போயிருந்தார். முதல் விற்பனை கைநழுவிவிடக் கூடாதென்று, ஷைனி தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டாள்.

“கொறைச்சாச்சு சார்! உங்க பையனை இன்னைக்கே வரச் சொல்லுங்க!”

துளசிராமன் மனைவியைப் பார்த்தார். குணசுந்தரி ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்மா... பழைய வெலையே இருக்கட்டும்.”

இருவரும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள். வாசலில் அவர்களைப் பார்த்த அன்புராஜ் உள்ளே ஓடிவந்தார்.

“கொறைச்சிட்டியா?”

“ஆமா சார். ஆனா...”

“அவங்க பையன் இந்த வண்டிக்குப் பேரம் பேசிட்டு, கொறைச்சா கூப்புடுங்கன்னு சொல்லிட்டுப் போனான். போற வழியிலயே, திருப்பாச்சூர்கிட்ட லாரி அடிச்சி செத்துட்டான். ரெண்டு வருசமா சனிக்கிழமை தவறாம இவங்க வந்து கேட்டுக்கினு இருக்காங்க. நானும் முடியாதுன்னே சொல்லிக்கினு இருந்தேன்.”

அன்புராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெலை கொறையலை, அதான் புள்ள வரலைன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தாங்க. இனிமே இன்னான்னு நெனச்சிப்பாங்க?”