அடைத்தால் எல்லாம் நிற்கும்

தண்ணீர் அடுப்படி வாசலைத் தாண்டிவிட்டது.

அவள் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். இடது கையில் ஸ்பேனர். வலது கை மீட்டர் பெட்டிக்குக் கீழே, மெயின் சுவிட்சின் மேல்.

அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிஷினின் மிதிபலகை மேல் கால்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அவளுக்கு மட்டும் கேட்காது.

சிங்க்குக்கு அடியில் நட்டைக் கழற்றி விட்டவன் அவன்தான். கழற்றிவிட்டுப் பின்வாசல் வழியாகச் சந்தில் ஓடிவந்து இங்கே நின்றான். சொந்த வீட்டிலேயே திருடன் மாதிரி.

போன மாதம் இதே குழாய் தானாகப் பிடுங்கிக்கொண்டது. அவன் கட்டட வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக் கனியம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போனாள். உள்ளே இவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் மோட்டாருக்குக் கரண்ட் எடுக்கிற பெட்டி தரையில் கிடந்தது.

தண்ணீர் அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. அதுவும் தொட்டி காலியானதால்.

அந்த ஒரு சாண் அவனை அப்புறம் தூங்கவே விடவில்லை.

இன்றைக்குப் பெட்டியை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்திருந்தான். அப்படியும் கை சுவிட்சை விட்டு வரமாட்டேன் என்றது.

சாயங்காலம் ஆட்டோ வரும். பிறகு ரயில். திருச்சூரில் வேலை. தீபாவளிக்குத்தான் திரும்ப முடியும். அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் இவள் காதில் விழப்போவதில்லை.

அதனால்தான் காலையில் வால்வுகளுக்குப் பெயர் எழுதினான்.

பெயிண்ட் வாளி மூடியைத் துண்டு துண்டாக வெட்டினான். அடுப்படி. குளியலறை. பின்பக்கம். கட்டுக்கம்பியால் ஒவ்வொரு வால்விலும் ஒன்றைக் கட்டினான். தொட்டியிலிருந்து இறங்குகிற பெரிய குழாய்க்கு மட்டும் நீளமாக எழுதினான்.

அடைத்தால் எல்லாம் நிற்கும்.

சிமெண்ட் தின்ற விரல்கள். பிரஷ் கோணிக்கொண்டு போனது. காய்ச்சலில் அவள் காது போன பிறகுதான் அவன் எழுத்துப் படித்தான். சிலேட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஆரம்பத்தில் சண்டை வந்தால், திட்ட நினைத்ததை அவன் எழுத்துக்கூட்டி எழுதி முடிப்பதற்குள் கோபமே ஆறிவிடும்.

கட்டி முடித்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். தலையாட்டினாள்.

புரிந்து ஆட்டினாளா, அவன் மனம் நோகக்கூடாதென்று ஆட்டினாளா?

தெரியவில்லை. நட்டைக் கழற்றினான்.

தண்ணீர் இப்போது நடு வீட்டுக்கு வந்துவிட்டது. கத்தரித்துப் போட்ட துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக நனைத்தது. தூக்கியது. நகர்த்தியது.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த துணியை எடுத்தாள்.

பாரு. திரும்பிப் பாரு.

பார்க்காமலே இரு என்றும் உள்ளே ஒன்று சொன்னது. அவனுக்கே திக்கென்றது. சுவிட்சை இறுக்கிப் பிடித்தான்.

ஒரு சிவப்புத் துண்டு மெதுவாக நகர்ந்து, அவள் காலைத் தாண்டி, முன்னால் போனது.

அவள் அதைப் பார்த்தாள்.

துண்டு எப்படி நடக்கும்?

மிஷின் நின்றது. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

அவனும் சந்து வழியாக ஓடினான்.

மாடிப்படிக்கு அடியில் குழாய்கள் வரிசையாக இறங்கியிருந்தன. அவன் எழுதிய எழுத்துகள் அவளைப் பார்த்துத் தொங்கின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

உள்ளங்கையை முதல் குழாயில் வைத்தாள். எடுத்தாள். அடுத்ததில் வைத்தாள். எடுத்தாள். மூன்றாவதில் கை நின்றது.

உள்ளே தண்ணீர் ஓடுகிற அதிர்வு.

திருகினாள். அடைபடும் வரை உள்ளங்கையை எடுக்கவில்லை.

அது அடுப்படிக் குழாய்தான்.

அவனுக்கு மூச்சு வந்தது. கூடவே என்னவோ போனது.

திரும்பியவள் அவனைப் பார்த்தாள். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"போவ மனசில்லன்னா சிலேட்டுல எழுதிக் காட்ட வேண்டியதுதான? அதுக்கு எதுக்கு வீட்ட நனைக்கிய?"

காது போனதிலிருந்து அவள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யாரு மதினி நனைச்சா?" சுவருக்கு அந்தப் பக்கம் கனியம்மா சிரித்தாள். "அண்ணனா?"

அவளுக்குக் கேட்கவில்லை. கேட்ட அவன் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அவள் குழாய்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரிய குழாயில் கோணலாகத் தொங்கிய எழுத்தை நேராக்கினாள். அந்தக் குழாயில் உள்ளங்கையை வைத்தாள்.

வீட்டில் எங்கேயும் தண்ணீர் ஓடவில்லை. குழாய் சும்மா இருந்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. சுடலைமணியின் ஆட்டோ. அவன் சொல்லி வைத்த நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அவள் அப்படியே நின்றாள்.

மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

ஆட்டோ வந்துவிட்டதென்று எழுதிக் காட்ட வேண்டும். சிலேட்டு உள்ளே ஆணியில் தொங்கியது.

அவன் எடுக்கப் போகவில்லை.