ஓடும் எஞ்சினுக்கு ஒரு ஜெபம்

“நான் கையைத் தூக்குனதும் விட்டுரணும். யோசிச்சிட்டு நிக்கப்பிடாது, கேட்டியா மக்கா.”

“காலேஜ்ல படிக்கும்போதும் இதத்தாம்லே சொன்ன” என்றார் ஜெபசீலன்.

சிவபிரசாத் சிரித்தார். இருவரும் நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்தவர்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் பறக்கவிட்டவர்கள். இன்றும் அதே கல்லூரி மைதானம்தான். வேளிமலைப் பக்கமிருந்து வீசுவதும் அதே காற்றுதான். ஓய்வு பெற்ற பிறகு சிவபிரசாத் முருக்கு மரத்தை இழைத்து, தாள் ஒட்டி, தன் கையாலேயே ஒரு விமானம் செய்திருந்தார். பரணில் கிடந்த பழைய எஞ்சினையும், எண்ணெய் மட்டம் வெளியே தெரியும் அதன் சிறு டேங்கோடு ஓட வைத்துவிட்டார். இன்று முதல் பறப்பு.

விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீண்டு, மைதானத்தின் நடுவே கிடந்த கைப்பிடியில் முடிந்தன. விமானம் அந்தக் கம்பியின் நீளத்துக்கு வட்டமடிக்கும். கைப்பிடியைப் பிடிப்பவரும் கூடவே சுற்ற வேண்டும். எண்ணெய் தீர்ந்தால்தான் இறங்கும்.

“நாளைக்கு மக கூட பெங்களூருக்குப் போயாச்சுன்னா அங்க ஏதுலே மைதானம்? இன்னைக்கு எப்படியும் பறத்திரணும். எண்ணெயில கலக்க ஈதர் வாங்கதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு டேங்குக்குத்தான் எண்ணெய் இருக்கு.”

“வேணும்னா நான் கைப்பிடியைப் பிடிக்கட்டா?”

“நீயா? அன்னைக்கு நீ பறத்துன விமானம் மூக்கால மரச்சீனிக் கிழங்கு தோண்டுனத காலேஜே பாத்துதுல்லா.”

மைதானத்தோரக் கேலரிப் படியில் உட்கார்ந்திருந்த சிவபிரசாத்தின் மனைவி ஓமனா வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஜெபசீலன் விமானத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, சிவபிரசாத் முன்விசிறியை விரலால் சுண்டினார். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் அலறியது. ஆமணக்கெண்ணெயும் ஈதரும் கருகும் அந்த வாசனை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிவபிரசாத் வேகமாக நடுவுக்கு நடந்து, கைப்பிடியை எடுத்து, கையைத் தூக்கினார்.

ஜெபசீலன் விடவில்லை. விமானத்தைப் பிடித்தபடியே மண்டியிட்டுத் தலை குனிந்தார். உதடுகள் அசைந்தன.

சிவபிரசாத் கையை இறக்கினார். ஜெபத்தின் நடுவே கூப்பிட அவருக்கு மனம் வராது. ஜெபசீலனோடு சாப்பிட உட்கார்ந்தால், அவர் ஜெபித்து முடிக்கும்வரை இவரும் சோற்றில் கை வைத்ததில்லை. ஆனால் இந்த ஜெபம் முடிவதாக இல்லை. எஞ்சின் அலறி அலறி எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது.

“ஆமென் சொல்லித் தொலையேம்லே” என்று அவர் முணுமுணுத்தது அவருக்கே கேட்கவில்லை.

ஒருவழியாகத் தலை நிமிர்ந்தது. கை விட்டது. விமானம் புல்லில் குதித்து ஓடி, எழுந்தது.

கம்பியின் இழுப்பு கைக்கு வந்ததும் சிவபிரசாத்தின் முகத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் வந்து நின்றான். ஒரு சுற்று. இன்னொன்று. மூன்றாவது முடியும்போது எஞ்சின் நின்றது. விமானம் சத்தமில்லாமல் மிதந்து வந்து புல்லில் அமர்ந்தது.

“உன் கர்த்தருக்கு ஒரு விமானத்தப் பத்தி இவ்வளவு விளக்கம் வேணுமாலே? எண்ணெய் பூரா ஜெபத்துலயே தீந்துட்டு” என்று வந்தார் சிவபிரசாத். பிறகு குரல் தணிந்தது. “போட்டும். பறந்துதுல்லா. அது போதும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கம்பியைச் சுருட்டப் போனதும், ஓமனா ஜெபசீலன் அருகே வந்தார்.

“அவருக்கு நடையில ஆட்டம் இல்ல அண்ணே.”

“காதுக் கோளாறு, ரொம்ப சுத்துனா விழுந்துருவாருன்னு டாக்டர் சொன்னத எங்கிட்டயே மறைச்சிட்டாம் பாத்தியா. நீ சொல்லித்தான் தெரிஞ்சுது. பறத்தாதன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல்ல” என்றார் ஜெபசீலன். “கர்த்தர் மன்னிக்கட்டும், இன்னைக்குத்தாம்மா கண்ணத் திறந்து வச்சு ஜெபிச்சேன். டேங்குல மூணு சுத்துக்கு மட்டும் எண்ணெய் மிஞ்சுற வரைக்கும்.”