காலி சீட்டோட பெல்ட்

அட, முழுசா கேட்டுட்டு அப்புறம் சிரிங்க! லைசென்ஸுக்கு எனக்கு பாக்கி இருந்தது ஒரே ஒரு சோலோ. மூணு மணி நேரம் தனியா விமானம் ஓட்டணும். போன தடவை பயத்துல பாதியிலேயே திரும்பிட்டேன். இதுலயும் சொதப்பினா அவ்வளவுதான்.

அப்பா ஏர்ஃபோர்ஸ்ல பைலட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். "உன் சோலோவுக்கு பக்கத்து சீட்டுல நான்தான்டி"ன்னு தொப்பையைத் தட்டிக்கிட்டே சொல்வார். "சோலோன்னா தனியா போறதுங்க. இதுகூட தெரியாமயா இத்தனை வருஷம் ஓட்டுனீங்க?"ன்னு அம்மா வாருவாங்க. போன வருஷம் அப்பா இறந்துட்டார்.

சோலோவுக்கு முன்னாடி காலி சீட்டோட பெல்ட்டை இறுக்கிப் பூட்டணும். தொங்கினா கன்ட்ரோல்ல சிக்கிக்கும். நானே பூட்டினேன். இன்ஸ்ட்ரக்டரும் இழுத்துப் பார்த்தார்.

தனியா போனா விமானம் லேசா இருக்கும், சட்டுனு எழும்பும். அன்னைக்கு எழும்பல. ரெண்டு பேரோட போற மாதிரி நிதானமா ஏறுச்சு. போன தடவை திரும்பின அதே இடத்துல மேகம் வந்துச்சு. சுத்திப் போனேன். இந்தத் தடவை பாதியில திரும்பல.

இறங்கினதும் இன்ஸ்ட்ரக்டர் கதவைத் திறந்தார்.

"இந்த பெல்ட்டை யாரும்மா தளர்த்தினது?"

பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. ஆனா பெல்ட் மட்டும் ஒரு தொப்பை அளவுக்குத் தளர்ந்திருந்துச்சு.

லைசென்ஸ் வந்துடுச்சு! நாளைக்கு மறுபடியும் தனியா பறக்கறேன். விதிப்படி பெல்ட்டை இறுக்கித்தான் பூட்டணும். ஆனா அவருக்கு வயித்தை அழுத்துமே, நீங்க என்ன சொல்றீங்க?