வலப்பக்கம்

அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடின. தென்காசியில் வாங்கிய லைசென்சை வைத்துக்கொண்டு ராஜவேல் அங்கே ஆறு மாதம் ஓட்டலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் பதினெட்டு வருடம் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைகளுக்குச் சட்டம் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவை பழைய பக்கமே போகப் பார்க்கும். பக்கத்து இருக்கையிலிருந்து அவன் மனைவி சுகந்தி, "வலதுங்க, வலது" என்பாள். நான்கு மாதமாக அந்த ஒரு சொல்தான் இருவரையும் வீடு சேர்த்துக்கொண்டிருந்தது.

நேற்று நண்பர் வீட்டு விருந்தில் அவள் இந்தக் கதையைச் சொல்லப்போக, எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். இன்று காலை கிளம்பும்போதே ராஜவேல், "இனிமே வண்டியில வாயத் தொறந்தே, நடுரோட்டுல எறக்கிவிட்டுட்டுப் போயிருவேன்" என்றான். செய்யக்கூடியவன்தான். ஊரில் ஒருமுறை செய்தும் இருக்கிறான்.

பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஒரே மூடுபனி. சாலையில் ஈ காக்கை இல்லை. ராஜவேல் வண்டியைச் சாலையின் இடப்பக்கத்தில் ஏற்றினான். சுகந்தியின் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து வேகம் கூட்டிக்கொண்டே, "பாத்தியா, நீ பேசாம வந்தா எவ்வளவு நல்லா ஓட்டுறேன்" என்றான்.

பனிக்குள் உயரமாக இரண்டு விளக்குகள் தெரிந்தன.

"எவன்டா அவன், நேரா நம்ம மேல வர்றான்?" என்று ராஜவேல் ஹாரனை அழுத்தினான்.

சுகந்தி தன் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.